வயிற்றுச் சதையும் முதுகுச் சதையும்

சத்திரசிகிச்சை நிபுணர் என் வயிற்றை இரண்டு விரல்களால் கிள்ளிப் பார்த்தார். விரல்களுக்குள் அதிகம் அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். தாதி அதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"உங்களுக்கு வயித்தில எடுக்கிறதுக்குக் காணாதாம். முதுகில இருந்துதான் எடுக்க வேணுமாம்."

அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. நிபுணர் அவருடைய வயிற்றைக் கை நிறையப் பிடித்தார். சந்தையில் நல்ல பூசணிக்காயைத் தூக்கிப் பார்ப்பவரின் திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பெண் தாதியைப் பார்த்து, "கேளுங்கோ தங்கச்சி, ரெண்டு செய்யக் காணுமெண்டா மிச்சத்தை அங்கால கட்டிலுக்குக் குடுக்கச் சொல்லி" என்றார். தாதி மொழிபெயர்த்தார். நிபுணர் சிரித்தார். அவரோடு வந்த பயிற்சி மருத்துவர்களும் சிரித்தார்கள்.

அங்கால கட்டில் நான்தான். நான் சிரிக்கவில்லை.

மெலிந்த உடம்பு பற்றி எனக்கு வாழ்நாள் முழுவதும் ஓர் இரகசியப் பெருமை இருந்தது. இன்னொரு பெண்ணின் தொந்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுவே முதல் தடவை.

எங்கள் இருவருக்கும் மார்புப் புற்றுநோய். ஒரு பக்க மார்பை ஏற்கெனவே அகற்றியிருந்தார்கள். மருந்து ஏற்றி, கதிர்வீச்சுக் கொடுத்து, கொட்டிய தலைமயிர் திரும்பவும் முளைத்த பிறகு, உடம்பின் வேறோர் இடத்திலிருந்து தோலும் சதையும் எடுத்துப் புது மார்பு செய்வதற்காகக் கொழும்புக்கு வந்திருந்தோம். நான் கிளிநொச்சி. அவர் மல்லாவியில் தையல் கடை வைத்திருப்பவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். ஆகவே இங்கே அவர் மல்லாவி அக்கா.

நான் பத்திரிகையில் வேலை செய்தவள். முதலில் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் பீடத்தில் இருந்து மற்றவர்களின் செய்திகளில் தேவையில்லாத சொற்களை வெட்டினேன். திருமணத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, குளங்கள் நிரம்புவதையும் நெல் விலை இறங்குவதையும் பற்றி நானே எழுதி அனுப்பினேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது பழகிவிட்டது. அந்த வார்ட்டில் நான் பார்த்தது இதுதான்: தாதிமார் என் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்தார்கள்; அவருடைய கட்டிலுக்குக் கதைக்க வந்தார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. வயிற்றில் தைத்த இடம் இழுக்கும். வயலில் புல்லுப் பிடுங்குகிறவர்போலக் குனிந்தபடியே வார்ட்டைச் சுற்றி வந்தார். "என்ர முகத்தைப் பாக்க வேணுமெண்டா கட்டிலுக்குக் கீழ படுத்திருந்து பாருங்கோ" என்று ஒவ்வொரு கட்டிலிலும் சொல்லிக்கொண்டு போனார். வார்ட் சிரித்தது. நான் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தேன். என் முதுகிலிருந்து ஒரு குழாய் சிறிய போத்தலொன்றுக்குப் போனது. நானும் தாதியிடம் ஒரு பகிடி விட்டுப் பார்த்தேன்.

"முதுகில குத்தின ஆக்களைக் கண்டிருக்கிறன். முதுகில இருந்து எடுத்து முன்னால வைச்ச ஆக்களை இப்பதான் காணுறன்."

தாதி என்னை உற்றுப் பார்த்தார். "நோகுதா அம்மா?" என்று கேட்டுவிட்டு ஊசி எடுக்கப் போனார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். என் கணவர் பார்க்க வந்த நாள்தான் நிலைமையை மாற்றியது. அவர் ரயிலில் வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து, கைகள் இரண்டையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். எனக்கு நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் இருந்தார். அதற்கு முன் அவர் அப்படி இல்லை. சிரித்தால் வயல் வரம்பில் நிற்கும் கொக்கும் எழும்பிப் பறக்கும்.

மல்லாவி அக்கா குனிந்தபடி வந்து அவருக்கு முன்னால் நின்றார். குனிந்திருந்ததால் முகத்துக்கு முகம் நேராக இருந்தது.

"தம்பி, நீங்கள் வருத்தம் பாக்க வந்தனீங்களோ, செத்த வீட்டுக்கு வந்தனீங்களோ? செத்த வீடெண்டா அது கீழ் மாடியில."

என் கணவர் சிரித்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அதன் பிறகு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்தோம். வீட்டில் நாங்கள் இருவர்தான். வருத்தம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மால்ட் டின்னும் அப்பிளும் கொண்டுவந்தார்கள். நோயின் பெயரைச் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்றார்கள். தங்களுக்குத் தெரிந்த இன்ன ஊரில் இன்னாருக்கும் அதே வருத்தம் வந்ததென்று தொடங்கி, செய்தியின் கடைசி வரியைச் சொல்ல வந்த இடத்தில் நின்றுவிட்டு, அப்பிளைச் சாப்பிடச் சொன்னார்கள். என் கணவர் அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். குசினிக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். நான் வாயைத் திறந்தால், "நீர் கதையாதையும், களைக்கும்" என்றார்.

மல்லாவி அக்கா தொலைபேசி எடுப்பார். என்னோடு கொஞ்சம் கதைத்துவிட்டு, "தம்பியிட்டக் குடும் பிள்ளை" என்பார். என் கணவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவார். யன்னலால் பார்த்தால் தோள்கள் குலுங்குவது தெரியும். சத்தம் உள்ளே வராது. சத்தம் எனக்குக் கூடாதென்று அவர் தூரத்தில் நின்று சிரித்தார்.

"என்னவாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வயித்துச் சதையெல்லே. கொழுத்தா அதுவும் கொழுக்குமாம். ஒரு பக்கம் பெருத்துப் போகுமெண்டு அவா சோத்தைக் குறைச்சிட்டாவாம்."

"அது பழைய செய்தி. டொக்டர் அப்பவே சொன்னவர்."

"ஓம். எண்டாலும் அவா சொல்லேக்க பகிடியா இருந்தது."

அக்காவின் பகிடிகளை நான் ஆசிரியர் பீடத்துக் கண்ணோடு ஆராய்ந்தேன். பாதி நீளம் போதும். சில இரண்டு தடவை வந்தவை. ஆனால் வாசகர் அவரிடம்தான் இருந்தார். என்ன செய்வது.

இந்தக் காலத்தில் என்னிடம் ஒரு பிரத்தியேகச் செய்தி இருந்தது.

அதை முதலில் அறிந்தது கோழிக்கூட்டின் கதவை இழுத்துச் சாத்தியபோது. கை கதவை இழுத்தது. புது மார்பு துள்ளியது. திரும்ப இழுத்தேன். திரும்பத் துள்ளியது. சட்டைக்குள் ஓணான் புகுந்துவிட்டதென்று முதலில் நினைத்தேன். கிளினிக்கில் ரகசியமாகக் கேட்டபோது மருத்துவர் பதற்றப்படவில்லை. முதுகுத் தசையை அதன் நரம்போடு சேர்த்துத்தான் முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். கையால் இழுக்கும் வேலைக்கு உதவி செய்வது அந்தத் தசையின் தொழில். இடம்பெயர்ந்து வந்தவர்கள் போன இடத்திலும் அதே பயிரைத்தான் போடுவார்கள். அதுவும் அப்படித்தான்.

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். கணவர் இதையும் வருத்தத்தின் கணக்கில் சேர்த்து, என்னைக் கோழிக்கூட்டுப் பக்கமும் போக விடமாட்டார் என்ற பயம் இன்னொரு காரணம். அவர் ஒருவேளை சிரிக்காமல் விட்டால் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம்.

அவர் அம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். கண் நோவுக்கு வெள்ளியில் கண், கால் நோவுக்கு வெள்ளியில் கால் என்று, சுகப்பட்ட உறுப்பின் உருவைச் செய்து காணிக்கையாகப் போடுவது எங்கள் வழக்கம். நான் நடமாடத் தொடங்கியதும் அவர் கிளிநொச்சியில் நகைக்கடைக்குப் போய் அதை வாங்கிவந்து, சிவப்புத் தாளைப் பிரித்து மேசையில் வைத்தார். முழு ஆள். கையும் காலும் தலைமுடியும் கொண்ட ஒரு பெண் உரு, சுட்டுவிரல் நீளத்தில்.

"கேக்க வெக்கமா இருந்தது" என்றார். "கடையில பொம்பிளையள் நிண்டவை. முழு ஆளா வாங்கினா எல்லாம் அடங்கும்தானே?"

எங்கள் வீட்டில் அந்த வருடம் நடந்த மிகச் சிறந்த பகிடி அது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பக்தியைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. நான் அந்த உருவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொல்வதற்கு ஒரு வசனம் நாக்கின் நுனிக்கு வந்தது. சொல்லவில்லை. நேர்த்தி விடயம், மனம் நொந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார்.

"மல்லாவி அக்காவையும் வரச் சொல்லிட்டன். அவாவுக்கும் சுகம்தானே. மூண்டு பேருமாப் போவம்."

மல்லாவி அக்கா காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். நிமிர்ந்து நடந்தார். வயிறு தட்டையாக இருந்தது. சட்டையை அவரே தைத்திருந்தார். இரண்டு பக்கமும் சமன். எனக்குப் பிடித்த பயத்தம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். அதுவும் நன்றாக இருந்தது. கணவர் தேத்தண்ணி கொடுத்த கையோடு வெள்ளி உருவைக் கொண்டுவந்து காட்டினார். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இவவுக்கு ரெண்டு பக்கமும் பூரணமா இருக்குது. அம்மாள் குழம்பப் போறா, இவ எதுக்கு வந்தவ எண்டு."

கணவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

அது என் வசனம். சொல்லுக்குச் சொல் இல்லை, ஆனால் என்னுடையது. நான் கைக்குள் வைத்திருந்த செய்தியை மற்றப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. அந்த வயிற்றெரிச்சலை ஆசிரியர் பீடத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். நான் எழும்பினேன்.

"கால் கழுவ வேணும். தண்ணி அள்ளப் போறன்."

அன்று காலை கரண்ட் இல்லை. மோட்டர் வேலை செய்யாது. கிணற்றடிக்குப் போய் வாளியை உள்ளே விட்டேன். கணவர் ஓடிவந்தார்.

"விடும், விடும்! நான் அள்ளுறன். உமக்கென்ன விசரே?"

அவருக்குப் பின்னால் மல்லாவி அக்கா தேத்தண்ணிக் கிளாசோடு வந்தார். நல்லது. இரண்டு பேரும் இருக்கட்டும்.

"கிட்ட வராதையுங்கோ" என்றேன். "அதில நிண்டு பாருங்கோ ரெண்டு பேரும்."

வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. கயிற்றை இழுத்தேன். நான் போட்டிருந்தது மெல்லிய பருத்திச் சட்டை, மறைக்க ஒன்றுமில்லை. ஓர் இழுவைக்கு ஒரு துள்ளல். இன்னோர் இழுவை, இன்னொரு துள்ளல். மற்றப் பக்கம் அசையாமல் இருந்தது.

கணவரின் வாய் திறந்தபடி நின்றது.

"என்னது அது?"

"முதுகு" என்றேன். "முன்னால வந்ததை அதுக்கு ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை."

அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறதென்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கயிறு கையில் வழுக்கியது.

"இன்னொருக்கா இழும்" என்றார்.

இழுத்தேன். துள்ளியது. அவர் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக் குனிந்தார். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. வேலியில் இருந்த காகங்கள் எழும்பின. கயிறு என் கையிலிருந்து நழுவி, வாளி தண்ணீரோடு கிணற்றுக்குள் விழுந்தது. அதற்கும் சிரித்தார்.

மல்லாவி அக்கா சிரிக்கவில்லை.

"இது எப்ப தொடக்கம்?"

"கன நாளா."

"எனக்கு நீர் சொல்லேல்லையே பிள்ளை."

"நீங்கள் கேக்கேல்லையே அக்கா."

அவர் கிளாசை என் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பியில் தொங்கிய கயிற்றைப் பிடித்தார். "அக்கா, உங்களுக்குப் பாரம் கூடாது" என்று கணவர் தடுத்தார். "சும்மா ஒருக்கா" என்று சொல்லி, வாளி தண்ணீரிலேயே கிடக்க, கயிறு இறுகும் அளவுக்கு மட்டும் இரண்டு தடவை இழுத்தார். குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அவருடையது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"என்ரது ஒண்டும் செய்யேல்லையே."

"அது வயித்துச் சதையெல்லே அக்கா" என்றேன். "சாப்பிட்டிட்டுப் படுத்துப் பழகினது."

கணவர் கிணற்றடி ஈரத்திலேயே குந்திவிட்டார். கிளாசில் இருந்த தேத்தண்ணி வேட்டியில் கொட்டியது. கோயிலுக்குப் போக அவர் வேறு வேட்டி கட்ட வேண்டியிருந்தது.

ஆட்டோவில் நான் நடுவில் இருந்தேன். கணவர் சிவப்புத் தாளில் சுற்றிய உருவை மடியில் வைத்திருந்தார். இடைக்கிடை அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்து, முடியாமல், என் பக்கம் திரும்பினார். சத்தம் எனக்குக் கூடாதென்ற நினைவு அவருக்கு வரவில்லை. மற்றப் பக்கத்தில் மல்லாவி அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பரந்த வயல்கள் போயின. அவர் பகிடி ஒன்றும் விடவில்லை.

கோயிலுக்குக் கிட்ட வந்தபோது அவருடைய முழங்கை என் விலாவில் பட்டது. கடைக்கண்ணால் பார்த்தேன். அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்து, ஒருவருக்கும் தெரியாதென்று நினைத்து, மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பதும், குனிந்து பார்ப்பதுமாக இருந்தார். ஒன்றும் அசையவில்லை.

நான் கொஞ்சம் தள்ளி இருந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.