அப்பாவுக்கு முன் வந்த கதிரைகள்

எங்கள் ஊரில் கப்பல்காரனுடைய பெட்டி அவனுக்கு முந்தி வீட்டுக்கு வரக்கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை, பழக்கம். வடமராட்சிக் கரையில் ஒழுங்கைக்கு மூன்று வீடாவது கப்பலுக்கு ஆள் அனுப்பிய வீடுதான். ஆள் வந்து இறங்குவார், பின்னால் பெட்டி வரும். பெட்டி மட்டும் தனியே வந்தால் ஆள் கடலோடு போய்விட்டார், கொம்பனி அவருடைய சாமான்களைக் கட்டி அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிய இரண்டு வீடுகளில் அப்படி வந்தது. இரண்டு வீட்டிலும் கடிதத்தைப் பிரிக்க முதலே அழத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா ஒரு பெரிய பயணிகள் கப்பலில் சாப்பாட்டு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவர். பரிமாறுகிறவராகச் சேர்ந்து, பிறகு மண்டபத்தின் கதிரை மேசை, தட்டுமுட்டு எல்லாவற்றுக்கும் பொறுப்பாக வந்தவர். இருபது வருசத்துக்கு மேல் அதே கப்பல். இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் லீவில் வருவார். வந்தால் எங்களைப் பற்றிக் கேட்பதை விடக் கப்பலைப் பற்றிச் சொல்வதுதான் கூட. எனக்கு அந்தக் கப்பலைப் பிடிக்காது. கண்ணால் காணாமலே பிடிக்காது.

எண்பத்து நாலில் கப்பலை ஓட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காவலுக்கென்று பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அப்பா தானாகக் கேட்டு நின்றுவிட்டார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்தவர்களே வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்த நேரம். திரும்பி வாருங்கள் என்று எழுத அம்மாவுக்கும் வாய் வரவில்லை. அதன் பிறகு வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் கப்பலுக்கு ஒரு புதுக் கதை. கரையோடு கட்டி ஓட்டலாக்கப் போகிறார்களாம். அடுத்ததில், யாரோ வாங்கி மாலுமிகளுக்குப் பள்ளிக்கூடமாக்கப் போகிறார்களாம். அதற்கடுத்ததில், ஒன்றும் முடிவில்லையாம். அம்மா கடிதத்தை என்னைக் கொண்டு வாசிப்பித்துவிட்டுக் கேட்பார்.

"கப்பலுக்கு என்ன நடக்கப் போகுது எண்டு எழுதியிருக்கிறார். தான் எப்ப வாறன் எண்டு எழுதினவரே?"

எழுதியிருக்க மாட்டார்.

அடுத்த வருசம் மழை விட்ட கையோடு ஒரு பின்னேரம், கொழும்பிலிருந்து வந்த லொறி ஒன்று எங்கள் படலைக்கு முன்னால் நின்றது. ஆள் உயரத்தில் ஒரு பலகைப் பெட்டியை நாலு பேராக இறக்கினார்கள். அதற்குப் பின்னால் அப்பாவின் பச்சை றங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை மையால் அவர் பெயர்.

"ஐயா எங்கை?" என்று அம்மா லொறிக்காரனைக் கேட்டார்.

"எனக்கு ஆளைத் தெரியாது அக்கா. சாமானைத்தான் தந்தவை. கப்பல் உடைஞ்சு போச்சாம் எண்டு துறைமுகத்திலை கதைச்சவங்கள்."

பழைய கப்பலைக் கழற்றி இரும்பாக விற்பதற்கும் உடைப்பது என்றுதான் சொல்வார்கள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் கரையில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குக் கப்பல் உடைந்தது என்றால் கற்பாரில் மோதி, அல்லது புயலில் அகப்பட்டு, ஆளோடு போனது. வேறு உடைவு இல்லை. உடைந்ததா, உடைத்தார்களா என்று ஒரு கேள்வியை நான் லொறிக்காரனிடம் கேட்டிருக்கலாம். பத்தொன்பது வயசு, ஏஎல் படிக்கிற பெட்டை, வாயில் கொழுக்கட்டையா இருந்தது? ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

அம்மா றங்குப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு முற்றத்தில் இருந்துவிட்டார்.

"பெட்டி முந்தி வந்திட்டுது" என்றார்.

அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கை முழுக்க எங்கள் முற்றத்தில் நின்றது.

அம்மாவின் தமையன், பெரிய மாமா, எங்கள் வீட்டு விசயங்களுக்கெல்லாம் நீதவான். அவர் உடனே முடிவு கட்டவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கொம்பனியின் கொழும்பு முகவருக்குத் தந்தி அடித்தார். பன்னிரண்டு நாள் கழித்து ஆங்கிலத்தில் பதில் தந்தி வந்தது. கப்பல் விற்கப்பட்டது, ஆட்கள் விலக்கப்பட்டார்கள், மேலதிக விவரம் இல்லை, இவ்வளவுதான் அதில் இருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "ஆக்கள் இல்லையாம் எண்டுதான் போட்டிருக்கு, தங்கச்சி" என்றார். மாமாவின் ஆங்கிலத்தை அந்த ஊரில் யாரும் சந்தேகிப்பதில்லை. நானும் அன்றைக்கு அந்தக் கடதாசியை வாங்கிப் பார்க்கவில்லை.

உடல் இல்லாததால் தர்ப்பையில் ஆள் உருவம் செய்து எரித்தார்கள். மாமாவின் மனைவி, மாமி, அம்மாவின் தாலியைக் கழற்றினார். அம்மா அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. மூன்றாம் நாள் குரல் போய்விட்டது, வாய் மட்டும் அசைந்தது. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. துக்கம் இல்லை என்று இல்லை. ஒன்றுமே தெரியவில்லை, பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. "பிள்ளை விறைச்சுப் போச்சு" என்று எனக்குக் கேட்கவே சொன்னார்கள். எனக்கு அவர்கள் மேல் எரிச்சல்தான் வந்தது.

எட்டாம் நாள் செலவுச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களை இருத்தக் கதிரை காணாது என்று மாமா பலகைப் பெட்டியை உடைப்பித்தார். உள்ளே கப்பலின் பெயர் நெய்த கம்பளிகள், ஒரு நீள்வட்டக் கண்ணாடி, வெள்ளித் தட்டம் ஒன்று, சிவப்புத் தோல் போட்ட நாலு சாப்பாட்டு மண்டபக் கதிரைகள். தூக்கி நிமிர்த்தினால் கதிரைகள் நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒற்றை இரும்புக் கால்; அதைக் கப்பலின் தளத்தோடு திருகாணி போட்டு இறுக்கினால்தான் நிற்கும். மாமா அதை அறியாமல் ஒன்றில் இருக்கப் போய்க் கதிரையோடு விழுந்தார். செத்த வீட்டில் யார் சிரிப்பது? எனக்குச் சிரிப்பு வந்தது. குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றேன். பிள்ளை கடைசியில் அழுதுவிட்டது என்று சனம் நிம்மதிப்பட்டது.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து ஒன்பதாம் நாள், தபாற்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். அப்பாவின் எழுத்து. "கப்பலை உடைக்கக் குடுத்திட்டினம். இரும்புக்குத்தான் போகுது. மண்டபத்துச் சாமானிலை கொஞ்சம் எனக்குத் தந்தவை, என்ரை பெட்டியையும் அதோடை சேர்த்து அனுப்புறன். நான் கடைசி ஓட்டத்துக்குக் கப்பலோடை போய், பிறகு கையை வீசிக்கொண்டு வாறன்" என்று எழுதியிருந்தார்.

நான் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அம்மா, அப்பா இருக்கிறார்."

அம்மா கடிதத்தை வாங்கி மேல் மூலையைக் காட்டினார். "தேதியைப் பார் பிள்ளை. பெட்டி அனுப்ப முதல் எழுதினது. உதுக்குப் பிறகுதானே கடைசி ஓட்டம் போயிருக்கிறார்."

அம்மா சொன்னது சரி. கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அம்மா வெள்ளைச் சேலையோடு வேலையைப் பார்க்கப் போனார். இருக்கிறாரா, இல்லையா? அதன் பிறகு வந்த இரண்டு மாதமும் நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை பத்து மணி பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பையும் குடையும். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அப்பா படலையைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"இஞ்சாரும், இதென்ன கோலம்?"

அம்மா அவரைப் பார்த்தார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, ஆனால் ஏதாவது ஒரு சத்தமாவது வரும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார்.

"கால் கழுவிப்போட்டு வாங்கோ" என்றார்.

கருமம் செய்து முடித்த ஆள் அப்படியே வீட்டுக்குள் புழங்கக்கூடாது என்று கோயில் ஐயர் சொன்னார். பிறந்த பிள்ளையைப் போல் குளிப்பாட்ட வேண்டும், பெயர் வைக்க வேண்டும், பிறகு அதே மனைவிக்குத் திரும்பவும் தாலி கட்ட வேண்டும். அப்பா சிரித்தார். "ஐயர், பள்ளிக்கூடத்துக்கும் திரும்பப் போக வேணுமோ?" என்று கேட்டார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தந்தியை வாசித்தவர் அவர். ஒரு புதன்கிழமை கோயில் வீதியில் ஐம்பத்திரண்டு வயசு மாப்பிள்ளையும் நாற்பத்தாறு வயசுப் பொம்பிளையும் மணவறை இல்லாமல் இருந்தார்கள். என் தாய் தகப்பனின் கலியாணத்துக்கு நான் மாலை கட்டினேன். அம்மா தலையைக் குனிந்து கொடுத்தார், அப்பா கட்டினார், எல்லாரும் அரிசி போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பாயசம் குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா, "ஏன் ஒண்டும் கதைக்கிறீர் இல்லை?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா கோபமில்லாமல்தான் சொன்னார். "நான் உங்களுக்கு அழுது முடிச்சிட்டன். இனி என்னட்டை ஒண்டும் இல்லை. குறை நினையாதேங்கோ."

அப்பா அதைப் பகிடி என்றுதான் நினைத்தார்.

ஒன்பது வருசம் அம்மா அவரை வந்து தங்கிய விருந்தாளியைப் போல் பார்த்துக்கொண்டார். நேரத்துக்குச் சோறு, தோய்த்த வேட்டி, நல்ல சொல், ஒன்றிலும் பிழை பிடிக்க ஏலாது. அப்பா விறாந்தைச் சீமெந்தைக் கொத்தி நாலு கதிரைகளையும் ஆணி போட்டு இறுக்கினார். அவை சுழலுகிற கதிரைகள். ஒன்றில் இருந்து கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கும் ஒரு குறை இருந்தது. கப்பலுக்கு என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. உடைக்கிற கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றபோது வாங்கினவன் மாறிவிட்டானாம். இவர்களை வள்ளத்தில் இறக்கிவிட்டு வேறு ஒருவன் கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டானாம். கூட வேலை செய்தவர்கள் பிறகு எழுதினார்கள். ஒருவர் இழுத்த வடம் அறுந்து கப்பல் கடலுக்குள் தாண்டு போச்சு என்றார். ஒருவர் இல்லை, சீனத் துறைமுகம் ஒன்றில் ஓட்டலாக நிற்கிறது என்றார். இன்னொருவர் அதை எப்போதோ வெட்டி முடித்துவிட்டார்கள் என்றார். அப்பா மூன்றையும் நம்பினார்.

"கொம்மா என்னைச் செத்தவனாத்தான் வைச்சிருக்கிறா" என்று ஒரு நாள் எனக்குச் சொன்னார்.

"இல்லை அப்பா, அவவின்ரை குணம் அது" என்றேன். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

எண்பத்தேழில் சண்டைக்குப் பயந்து ஓடித் திரும்பி வந்தபோது கம்பளி இல்லை, தட்டம் இல்லை, கண்ணாடி நொருங்கிக் கிடந்தது. ஆணி போட்ட கதிரைகள் மட்டும் நின்றன. தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரமும் இல்லை, மருந்தும் இல்லை. தொண்ணூற்று நாலில் ஒரு காலை அப்பாவுக்கு நெஞ்சுக்குள் நோ வந்தது. பெற்றோல் இல்லாமல் காரில் மண்ணெண்ணெய் விட்டு ஓடிய காலம். ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விறாந்தையில் கிடத்தினோம். கதிரைகளை நகர்த்த முடியாது, சனம் சுற்றிப் போய் வந்தது. இந்தமுறை எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியாமல் வந்தது. ஒன்பது வருசத்துக்கு முந்தியதும் சேர்ந்து வந்தது. அம்மா அப்பாவின் தலைமாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பெண்கள் அம்மாவை அழவைக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டார்கள். பிரேதம் எடுக்கிற நேரம் மாமி தாலியைக் கழற்ற வந்தார். அம்மா அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஒருக்கா அவசரப்பட்டிட்டம் மச்சாள்" என்றார். "இந்தமுறை பொறுத்துப் பாப்பம்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குச் சொல்ல முகம் இல்லை. அப்பாவைக் கொண்டுபோனார்கள். எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, படலை வரைக்கும்தான்.

அடுத்த வருசம் ஐப்பசியில் இராணுவத்துக்குப் பயந்து வலிகாமப் பகுதி முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது. மழைக்குள் நடந்து வந்த சனத்தில் கோப்பாயிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் விறாந்தையில் தங்கியது. அந்த வீட்டுப் பெண் என் வயசுக்காரி. மூன்றாம் நாள் அம்மாவோடு இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கழுத்தில் தாலியையும் நெற்றியில் பொட்டையும் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டாள்.

"ஐயா வெளிநாட்டிலையோ அம்மா?"

"கப்பலிலை" என்றார் அம்மா.

"எப்ப வருவார்?"

"கப்பலுக்கு என்ன நடந்தது எண்டு இன்னும் ஒரு முடிவு தெரியாது பிள்ளை."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"ஓம்" என்றேன். "இப்ப கொஞ்ச நாளாய்க் கடிதம் இல்லை."