மாமிக்கு எழுதாத கல்வெட்டு

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அவருடைய வாழ்க்கையை விருத்தத்தில் பாடி, சின்னப் புத்தகமாக அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்போம். பக்கத்து வீட்டு வளவில் இறந்துபோன கிழவருக்கு நான்தான் கல்வெட்டு எழுதினேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் எழுதும் கொப்பி கிடைப்பது அரிது என்பதால், அதே கொப்பியின் அடுத்த பக்கத்திலேயே மாதர் சங்கக் கவியரங்குக்கான பாட்டையும் எழுதிவிட்டேன். 'பெண்ணும் வயதும்' என்பது தலைப்பு. சபை சிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கோ விருத்தம் தவிர வேறொன்றும் கைவராது.

பனங்கிழங்கில் பல்லொன்றைப் பறிகொ டுத்தாள்,
கிணற்றடியில் முழங்காலைக் கழற்றி வைத்தாள்,
கண்ணிரண்டும் ஊசிக்கண் தேடிப் போக,
கதைமட்டும் குறையாமல் காத்து நின்றாள்!

மருதனார்மடம் சந்தையிலிருந்து வந்த மாமி, என் கணவரின் தாய், என் எட்டு மாதப் பிள்ளை கொப்பியைக் கிழிக்கப் பார்த்ததைக் கண்டு பறித்தார். பறித்தவர் வாசித்தும் விட்டார்.

"பிள்ளை, எனக்குக் கல்வெட்டு எழுதத் துவங்கீட்டியோ? நான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டெல்லோ இருக்கிறன்!"

மாமி கோபித்துக்கொண்டு கொடிகாமத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டால்? பிள்ளை தும்மினாலும் மாமியின் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவள் நான்.

"மாமி, அது நான்தான்," என்றேன். "போன மாசம் பனங்கிழங்கு கடிச்சு உடைஞ்சது என்ரை பல்லெல்லோ. பிள்ளையின்ரை துணி தோய்ச்சுத் தோய்ச்சு முழங்கால் நோகுது. நித்திரையில்லாத கண்ணுக்கு ஊசியின்ரை ஓட்டை தெரியேல்லை."

"உனக்கு இருபத்தேழு வயசு!"

"ஓம் மாமி."

"கதை குறையாதவள் எண்டு கிடக்கு. நீ வாய் திறக்கிறது வருசத்துக்கு ரண்டு தரம்."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவும் வரவில்லை.

"அந்த வரி மட்டும் உங்கடை, மாமி."

மாமி கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். உடுப்புப் பெட்டியைத்தான் தேடப்போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப உனக்கு மூண்டு வரி, எனக்கு ஒண்டுதானோ? இந்த வீட்டிலை வயது போனது ஆருக்கு? எனக்கு அம்பத்தாறு! எடு பேனையை. மகனைக் கூப்பிட வெளிக்கிட்டு ஆட்டின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டனான், எழுது. கோயில் வீதியிலை இன்னொருத்தியின்ரை செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தனான், அதையும் எழுது."

பாட்டு இரண்டு பக்கத்துக்கு வளர்ந்தது.

கவியரங்கன்று நான் பாட்டை வாசித்தேன். ஆடு வந்த இடத்தில் சபை சிரித்துக்கொண்டு மாமியின் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் பிள்ளையோடு இருந்த மாமி எழும்பி நின்றார்.

"என்ன பாக்கிறியள்? முதல் மூண்டு வரி அவள். மிச்சம் முழுக்க நான்!"