மூன்றாம் மாடியில் தண்ணீர்ச் சத்தம்

அலெக்சாண்டிரியா நகர மையத்தில், இடிக்கக் கூடாதென்று அரசு அறிவித்த பழைய கட்டடங்களுக்கு எங்கள் இன்ஷிராஹ்தான் கண்காணிப்புப் பொறியாளர். இடிக்க அனுமதி கிடைக்காத முதலாளிகளின் அயோக்கியத்தனம் அவளுக்கு அத்துப்படி. ஆளில்லாத வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். சுவர் ஊறிக் கட்டடம் ஆபத்தான நிலைக்கு வந்துவிட்டால், பிறகு இடிப்பதைத் தடுக்க யாராலும் முடியாது. அதனால் அவள் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் கிடக்கும். குழாயை மூடி, கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

"குழாய்த் திருடி வந்துட்டா!" என்பார்கள்.

"கட்டடத்தையே முழுங்குறவங்க பேசுற பேச்சா இது?" என்பாள்.

அன்று கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தில் படியேறும்போதே, மூன்றாம் மாடியில் தண்ணீர் கொட்டுவது கேட்டது. போன மாதம் அவள் மூடிய அதே குழாய். காவலாளி ஷஹாத்தா படியில் வழிமறித்து நின்றான். குடும்பத்தோடு கீழ்த்தள அறையில் குடியிருப்பவன்.

"புதுக் கைப்பிடி யாருய்யா போட்டது?"

"நான்தான் இன்ஜினியரம்மா. முதலாளி போடச் சொன்னாரு."

"அறிவிருக்கா உனக்கு? இடிஞ்சா கீழ படுத்திருக்கிற உன் புள்ளைங்க மேலதானய்யா விழும்!"

ஷஹாத்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே ஓடிய விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புள்ளைங்கள நேத்தே ஊருக்கு அனுப்பிட்டேம்மா. நீங்களும் சீக்கிரம் எறங்கிடுங்க."