உள்ளே ஒன்றும் இல்லை

மோதிரம் வரவில்லை. தாதி முதலில் வெறுங்கையால் இழுத்துப் பார்த்தாள். பிறகு சவர்க்காரம் பூசி இழுத்தாள். நுரை விரலிடுக்கில் வழிந்து தள்ளுவண்டியின் பச்சைத் துணியில் சொட்டியதே தவிர மோதிரம் அசையவில்லை.

"கடைசியா எப்ப கழட்டினனீங்கள்?"

"போட்ட பிறகு கழட்டவே இல்லை மிஸ். பதினொரு வருசம்."

"விரல் ஏன் இப்பிடி வீங்கிக் கிடக்கு?"

"நண்டு உடைக்கிற கை. உப்புத் தண்ணியில ஊறி ஊறி இப்பிடியே நிண்டிட்டுது."

தாதி துசாந்தினி இழுப்பதை விட்டாள். மோதிரத்தின் மேல் வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டிவிட்டுக் கோவையைத் திறந்தாள்.

"பேர்?"

"அன்ரோனெற்."

"வயசு?"

"முப்பத்து நாலு."

"என்ன ஒப்பரேசன் எண்டு சொன்னவையோ?"

"தொப்புளுக்குள்ளால துளை போட்டுக் கமரா விட்டுப் பாக்கிறது."

"எதைப் பாக்கிறதுக்கு?"

"கர்ப்பப்பை இருக்கோ இல்லையோ எண்டு."

துசாந்தினியின் பேனை நின்றது. "இதென்ன கதை? ஸ்கானில இருக்கெண்டு வடிவா எழுதிக் கிடக்கு. பிள்ளை ஏன் தங்கேல்லை எண்டு பாக்கத்தான் இது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கட ஊருக்கு, பள்ளிமுனைக்குத் தெரியாதே மிஸ்."

வாட் வாசலில், கையில் செபமாலையோடு, பள்ளிமுனை நின்றுகொண்டிருந்தது. அன்ரோனெற்றின் மாமியார் மதலேனம்மா. வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. விடிய ஐந்தரை பஸ்ஸுக்கு மருமகள் வெளிக்கிட்டபோது அவர் ஏற்கெனவே சேலை மாற்றி, சோற்றுப் பார்சல் கட்டி, படலையடியில் நின்றிருந்தார். டொக்டர் சொல்வதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எல்லாம் தொடங்கியதே அந்தக் காதில்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தனியார் கிளினிக்கில் நடந்தது அது. டொக்டர் தெற்கிலிருந்து புதிதாக வந்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தார். படித்ததைப் பேசிப் பார்க்கவும் ஆசைப்பட்டார். அன்ரோனெற்றின் அடிவயிற்றில் குளிரக் குளிர எதையோ பூசி, கருவியை வைத்து உருட்டி, திரையைப் பார்த்து முகம் மலர்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "உள்ளே, ஒன்றும், இல்லை."

கட்டி இல்லை, நீர் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்பது அவர் சொல்ல வந்தது. அன்ரோனெற் அப்படித்தான் விளங்கிக்கொண்டாள். கட்டிலின் தலைமாட்டில் நின்ற மதலேனம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்கு விளங்கியது வேறு. திரும்பி வரும் வழியில், பஸ் பாலத்தில் ஏறுவதற்குள், தன் தங்கச்சிக்குப் போனில் விசயத்தைச் சொல்லி முடித்துவிட்டார்.

"உள்ளுக்கு ஒண்டுமில்லையாமடி. வெறுங்கோதாம். டொக்டரே வாயால சொன்னவர்."

பக்கத்து இருக்கையில் அன்ரோனெற் இருந்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மாமி, அவர் வருத்தம் ஒண்டுமில்லை எண்டெல்லோ சொன்னவர்?"

"நீ சும்மா இரு பிள்ளை. உன்ர மனம் நோகக் கூடாதெண்டு அப்பிடிப் பக்குவமாச் சொல்லியிருக்கிறார்."

"கர்ப்பப்பை இல்லையெண்டால் மாசாமாசம் வாறது எங்கயிருந்து வருது?"

மதலேனம்மா போனைப் பைக்குள் வைத்தார். "அது வேற வழி," என்றார்.

ரிப்போட் ஆங்கிலத்தில் இருந்தது. அன்ரோனெற் அதைப் பள்ளிக்கூட ரீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். எல்லாம் சரியாக இருப்பதாகவே எழுதியிருக்கிறது என்று ரீச்சர் சொன்னார். மாமியாரிடம் வந்து சொன்னாள். கடதாசியில் ஆயிரம் எழுதுவார்கள், தான் காதால் கேட்டது கேட்டதுதான் என்று பதில் வந்தது. பள்ளிமுனையும் காதின் பக்கமே சாய்ந்தது. சந்தைக்குப் போனால் இரக்கப்பட்டார்கள். பூசை முடிந்து வந்தால் தோளைத் தடவினார்கள். பிள்ளை இல்லாதவள் என்றால் ஒரு நாளைக்குப் பிறக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். பையே இல்லாதவள் என்றால் கதை அதோடு முடிந்தது.

அன்ரோனெற் நண்டுக் கம்பனியில் வேலை செய்கிறாள். அவித்த நண்டை ஓடு பிரித்து, சதையை முறியாமல் எடுக்கிற வேலை. கல்யாணம் முடித்து வந்த அடுத்த வருடமே சேர்ந்தாள். நண்டைக் கையில் எடுத்து அடிவயிற்றை ஒருமுறை அமுக்கினால் சதை பிடித்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உடைத்துப் பார்க்காமல் எதையும் கழித்துப் போடுவதில்லை. அமுக்கும்போது மெத்தென்றிருந்த நண்டுக்குள் முழுச் சதை இருந்ததை எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள்.

அவளுக்கு நோவு இருந்தது. அதைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பதின்மூன்று வயதில், பிறந்த ஊரான முள்ளிக்குளத்தில் வீட்டின் பின்பக்கம், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் வருகிற நோவு. பதினாறு வயதில், சண்டைக் காலத்தில், ஊரோடு வெளியேறி நடந்தபோதும் அது கூட நடந்தது. தாய் வெந்தயம் அவித்துக் கொடுத்தார். முகாமில் ஒரு தாதி பனடோல் கொடுத்தாள். கல்யாணம் முடித்தால் போய்விடும் என்றார்கள், போகவில்லை. பிள்ளை பெற்றால் போய்விடும் என்றார்கள். கம்பனியில் அந்த இரண்டு நாளும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து பல்லைக் கடிப்பாள். மேற்பார்வை செய்கிற பெண் எட்டிப் பார்த்து, "எங்களுக்கும்தான் வருது, நாங்கள் குந்துறமே?" என்பாள்.

புருசன் றெனால்ட் நல்ல மனிதன். நண்டு வலை போடுகிறவன், அதிகம் பேசமாட்டான். அவனும் பரிசோதனைக்குப் போய் வந்தான். பிழையில்லை என்று வந்தது. இரண்டு ரிப்போட்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒப்பரேசன் பேச்சு வந்த ஒருநாள் கேட்டான்.

"உன்னிலயும் பிழையில்லை, என்னிலயும் பிழையில்லை எண்டு கிடக்கு. பிறகேன் வயித்தை வெட்டிப் பாக்கோணும்?"

"பிழையில்லையெண்டால் ஏனப்பா நோகுது?"

வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தை மாதம் றெனால்டின் தம்பி புது வள்ளம் வாங்கினான். சுவாமியார் வந்து மந்திரித்தார். வள்ளத்தின் தலைப்பக்கம் மெழுகுதிரி பிடித்து நிற்க ஒரு பெண் வேண்டும். மூத்த மருமகள் என்பதால் திரி அன்ரோனெற்றின் கையில் இருந்தது. சுவாமியார் செபத்தைத் தொடங்கியதும் மதலேனம்மா நெருங்கி வந்தார். எரிகிற திரியை அவள் கையிலிருந்து எடுத்து, இரண்டு பிள்ளைகளின் தாயான பக்கத்து வீட்டு ஜெஸ்லியாவின் கையில் கொடுத்தார். ஜெஸ்லியா பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றாள். உருகிய மெழுகு அன்ரோனெற்றின் பெருவிரலில் விழுந்து வெள்ளையாக இறுகியது. செபம் முடியும் வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வெறுங்கையோடு அப்படியே நின்றாள். திங்கட்கிழமை கம்பனிக்கு லீவு சொல்லிவிட்டு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அலைந்து, இன்றைக்குத் திகதி கிடைத்திருந்தது.

துசாந்தினி சம்மதப் படிவத்தை நீட்டினாள். அன்ரோனெற் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வாசலில் நின்ற மதலேனம்மா அதைக் கண்டுவிட்டார்.

"மிஸ், புருசன்ர கையெழுத்து வேண்டாமோ? அவன் கடலுக்கெல்லோ போயிட்டான்."

"இவவின்ர கையெழுத்துக் காணும் அம்மா."

"அதெப்பிடி? கட்டினவன் ஒருத்தன் இருக்கேக்குள்ள?"

"என்ர வயிறு மாமி," என்றாள் அன்ரோனெற், தலையைத் திருப்பாமல். "அவர் வந்து இதில படுக்கப் போறாரோ?"

பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தள்ளுவண்டி நகர்ந்தது.

தியேட்டருக்குள் குளிர், ஐஸ் பெட்டியைத் திறந்தது போல. டொக்டர் முகக்கவசத்துக்கு மேலே கண்களால் சிரித்தார். முந்திய டொக்டரைப் போல அவரும் சிங்களவர்தான், ஆனால் பல வருடங்களாக இந்தப் பக்கத்தில் வேலை செய்தவர். தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

"பயமோ?"

"இல்லை டொக்டர். ஒண்டு கேக்கோணும். உள்ளுக்குப் பாக்கேக்க படம் எடுப்பியளோ?"

"மெசின் எடுக்கும். ரிப்போட்டோட வைப்பம்."

"எனக்கும் ஒண்டு தாங்கோ."

"என்னத்துக்கு?"

"வீட்டில காட்டோணும்."

டொக்டர் மற்றவர்களைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். "இருபது வருசத்தில இப்பிடி ஒரு ஆளும் கேட்டதில்லை," என்றார். "சரி, தாறன்." முகத்தில் மாஸ்க் வந்து மூடியது. எண்ணச் சொன்னார்கள். அவள் ஐந்து வரைக்கும் எண்ணினாள்.

கண் விழித்தபோது வயிற்றைவிட வலது தோள்தான் நொந்தது. வயிற்றுக்குள் அடித்த காற்று மேலே ஏறி அப்படி நோகச் செய்யும், இரண்டு நாளில் போய்விடும் என்றாள் துசாந்தினி. "வயித்தில துளை போட்டால் தோளில நோகுமோ? இவையள் எங்க வெட்டினவையோ தெரியாது," என்று மதலேனம்மா போர்வையை விலக்கித் தோளைச் சோதித்தார். அங்கே காயம் இல்லாதது அவரைத் திருப்திப்படுத்தியதாகத் தெரியவில்லை.

பின்னேரம் டொக்டர் வந்தார். கட்டில் விளிம்பில் கோவையை வைத்து, "அன்ரோனெற், பாத்தம். பயப்பட ஒண்டு..." என்று தொடங்கினார்.

"டொக்டர், ஒண்டுமில்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ," என்றாள் அவள். தொண்டை கரகரத்தது. "மாமி நிக்கிறா. இருக்கிறதைச் சொல்லுங்கோ."

டொக்டர் மதலேனம்மாவைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருக்கு. நிறைய இருக்கு. கர்ப்பப்பை இருக்கு, நல்லா இருக்கு. அதுக்கு உள்பக்கம் வளர வேண்டிய சவ்வு வெளியாலயும் அங்கங்க வளர்ந்திருக்கு. மாசாமாசம் அதுவும் வீங்கி இரத்தம் கசியும். அதால இடதுபக்கக் குழாய் ஒட்டிப் போய்க் கிடந்தது. ஒட்டினதைப் பிரிச்சு, கண்ட இடமெல்லாம் சுட்டு விட்டிருக்கிறன். இது ஸ்கானில பிடிபடாமலும் போகும்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த வருத்தம் நோகும். கடுமையா நோகும். எத்தினை வயசில தொடங்கினது?"

"பதின்மூண்டு."

"இருபத்தொரு வருசம் இதோடயே வேலை செய்தனீங்களோ?"

நோகும் என்று அவள் சொல்லாமலே இன்னொருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தாள். தோள் குத்தியது, இருக்கட்டும் என்று விட்டாள்.

"கேட்டனீங்களோ மாமி?"

மதலேனம்மா அதைக் கேட்காதவர் போல, "அப்ப பிள்ளை பிறக்குமோ டொக்டர்?" என்றார்.

"சொல்லேலாது அம்மா. முந்தியிலும் பாக்க இப்ப வழி இருக்கு. ஒரு வருசம் பாப்பம். பிறக்கலாம். பிறக்காமலும் விடலாம்."

"பிறந்தால் பிறக்கட்டும்," என்றாள் அன்ரோனெற். "பிறக்காட்டில் அந்தப் பேச்சை நான் கேக்கிறன். இல்லாத பேச்சைக் கேக்க மாட்டன்."

டொக்டர் கோவையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். உள்ளங்கை அளவு, மினுங்கும் தாள். நடுவில் இளஞ்சிவப்பாக உருண்டையாக ஒன்று; இரண்டு பக்கமும் இரண்டு கை விரிந்திருந்தது. அவள் கனநேரம் பார்த்தாள். பிறகு மாமியாரிடம் நீட்டினாள்.

மதலேனம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "நண்டு மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். பிறகு பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதில பேரைக் காணேல்லை. உன்ரைதான் எண்டு எப்பிடி நம்பிறது? வேற ஆரின்ரையோ மாறித் தந்திருப்பினம்," என்றார்.

"மிஸ், உங்கட பேனையை ஒருக்காத் தாங்கோ," என்றாள் அன்ரோனெற்.

துசாந்தினி படத்தை வாங்கித் தானே எழுதினாள். பெயர், வயது, கட்டில் இலக்கம், திகதி. எழுதிவிட்டு, கேட்காமலே கீழே ஒரு கையெழுத்தும் வைத்தாள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பதினொன்றரை பஸ்ஸில் இருவருக்கும் இருக்கை கிடைத்தது. வழியில் முருங்கனில் பஸ் நின்றபோது மதலேனம்மா ஒரு சோடா வாங்கி மருமகளிடம் கொடுத்தார். மன்னார் டவுனில் இறங்கி அன்ரோனெற் ஜெஸீம் நானாவின் கொமினிகேசன் கடைக்குப் போனாள். படத்தை லமினேற் செய்ய வேண்டும் என்றாள். ஜெஸீம் அதைப் பார்த்து, "இது என்ன தங்கச்சி?" என்றார். "என்ர கர்ப்பப்பை, நானா," என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலையைச் செய்தார். ஓரங்களை நேராக வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, படத்தை அலுமாரிக் கண்ணாடியின் இடுக்கில் செருகினாள். அறைக்கு வருகிறவர் எவருக்கும் தெரியும் இடம் அது. றெனால்ட் கடலால் வந்து, கை கழுவிவிட்டு, கிட்டப் போய்ப் பார்த்தான். ஒட்டியிருந்தது எந்தப் பக்கம் என்று கேட்டான். அவள் காட்டினாள். அவன் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். வெளியே மதலேனம்மா தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "இருக்காமடி," என்றார். "ஓம். நான் கண்ணால பாத்தனான்." பின்னேரம் ஜெஸ்லியா கஞ்சி கொண்டு வந்தாள். தோள் நோவு குறையவில்லை. தையல் பிரிக்கப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.