பூட்டிய பியானோவும் நான் கோபமாய்ச் செய்த ஜெபமும்

என் மகள் ஏஞ்சலைப் பார்த்து அறுபது பேர் சிரித்தார்கள். அதிலிருந்து சொல்கிறேன்.

நான் மலேசியாவில், அசாம் ஜாவாவில் செம்பனைக்குலை லோரி ஓட்டுகிறவன். அதிகம் படிக்கவில்லை. சபையில் எழுந்து பேசியதும் இல்லை.

போன வருஷம் ஒரு சிம்பொனி இசைக்குழு ஏஞ்சலைத் தேர்ந்தெடுத்தது. வயது பதினேழு. பியானோவுக்கு அவள் ஒருத்தி, சுற்றி வயலின், குழல் என்று அறுபது பேர். முதல் ஒத்திகை ஒரு ஞாயிறு காலை. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

பாதியில் எல்லாம் குலைந்தது. இசை நடத்துநர் மூன்று தரம் நிறுத்தினார். எங்கே வாசித்துப் பழகினாய் என்று கேட்டார். சொன்னாள். "இது சர்ச் இல்லை" என்று மலாய் மொழியில் சொன்னார். அப்போதுதான் சிரித்தார்கள். பத்து நாளில் சரியாகாவிட்டால் வேறு பெண் வாசிப்பாள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

காரில் அழுதாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒவ்வொரு வரி முடிஞ்சதும் நின்னுட்டேன்பா. அவங்க மூச்சு வாங்கட்டும்னு. யாருமே நிக்கல, போயிட்டாங்க."

எனக்குப் புரிந்தது. ஒன்பது வயதிலிருந்து சபையில் கீபோர்டு வாசிக்கிறாள். எங்கள் சபை பாட்டை இழுக்கும். வரிக்கு வரி மூச்சு வாங்கும். அவள் காத்திருப்பாள். எட்டு வருஷம் எங்களுக்காகக் காத்திருந்து கை அப்படியே பழகிவிட்டது. அதற்கா சிரிப்பு?

வீட்டில் பியானோ இல்லை. சொல்லிக்கொடுத்த டீச்சர் ஊரில் இல்லை. சபையில் ஒன்று உண்டு. தோட்டம் கைமாறியபோது துரை பங்களாவிலிருந்து வந்தது. என் லோரியில்தான் வந்தது. சாவி செயலாளர் சாமுவேலிடம். போய்க் கேட்டேன்.

"ஆராதனைய விட்டுட்டு மேடைக்குப் போன கை, பிரதர். இது கர்த்தரோட பியானோ. கமிட்டி முடிவு."

"எட்டு வருஷம் இங்க வாசிச்ச கை, பிரதர்."

"அதான் சொல்றேன் லா. பெருமை வந்துருச்சு. கர்த்தர் தட்டிட்டாரு."

நான் உடனே வெளியே வந்துவிட்டேன். வாய் திறந்திருந்தால் கை பேசியிருக்கும்.

மறுநாள் மத்தியானம் பனையெண்ணெய் ஆலைக்கு வெளியே லோரி வரிசையில் நின்றேன். அங்கேயே ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, என் பிள்ளையை நீர் தட்டினீரா? இல்லை என்றால் அந்தப் பூட்டைத் திறவும். உம்முடைய பேரைச் சொல்லிப் பூட்டியிருக்கிறார்கள்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் சாமுவேலின் மனைவி ரெபேக்காள் அக்கா வந்தார். சபையில் பாட்டை ஆரம்பிப்பவர். எல்லாரையும்விட அதிகமாக இழுப்பவரும் அவர்தான். கையில் சாவி.

"ஏஞ்சல் எல்லாம் சொன்னா, தம்பி. நேத்து மத்தியானம் எனக்கு மனசே கேக்கல. சாவி வர்ற வரைக்கும் அடுப்பு பத்தாதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு வேள ரொட்டி தின்னாரு. இன்னிக்குக் குடுத்துட்டாரு. நாங்க இழுத்ததுக்குப் பிள்ள ஏன் பேச்சு வாங்கணும்?"

நேற்று மத்தியானம். நான் லோரியில் இருந்த நேரம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அக்கா பியானோ பக்கத்தில் உட்கார்ந்தார். இசைக்குழுவின் வாசிப்பைப் போனில் போட்டார்கள். ஏஞ்சல் நின்றால் அக்கா தோளில் தட்டுவார்.

"யாருக்கும் நிக்காத. போ, போ."

"தோளு வலிக்குது ஆன்ட்டி."

"அப்ப நிக்காத."

இரண்டாம் ஒத்திகையில் நடத்துநர் ஒரு தரமும் நிறுத்தவில்லை. கச்சேரியில் என் மகள்தான் வாசித்தாள். முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. நான் எழவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்: கர்த்தருக்கு நன்றி.

சாமுவேல் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான். அதையும் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பு பாஸ்டர் ஜெபித்தால் போதும் என்று இருந்தவன், இப்போது தினமும் நானே ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, கர்த்தர் பேரைச் சொல்லி யாராவது உங்கள் பிள்ளையை ஒதுக்கினால், அது நிஜமா என்று அவரிடமே கேளுங்கள். கோபம் ஆறட்டும் என்று இருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் என்னைத் துரத்தவில்லை.