சத்தம் குறைந்த கம்பி

ஹட்டனில் என் கிட்டார் கடைக்கு வந்த அந்த மனிதர் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கவில்லை. கையில் கம்பி அறுந்த பழைய பொக்ஸ் கிட்டார். விரல்கள் கண்ணாடிப் பெட்டியில் தாளம் போட, கண் வெளியே மஸ்கெலியா பஸ்ஸிலேயே இருந்தது. எனக்கு எரிச்சல். வெண்கலக் கம்பியைக் காட்டி, நல்ல சத்தம் வரும் என்றேன்.

“சத்தம் கொறைஞ்சது இல்லீங்களா?”

“எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் போடுற கம்பி இருக்கு. இதுல போட்டா மந்தமாத்தான் கேக்கும்.”

“அதையே குடுங்க.”

“ஏங்க?”

“தோட்டத்து லயத்துல அடுத்த வீட்டுல தம்பி, நடுவுல ஒரே செவருதான். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லீங்க. சத்தமா வாசிச்சா டிவி சத்தத்தக் கூட்டிடுவான். மெதுவா வாசிச்சா டிவியவே நிப்பாட்டிடுறான்.”

பஸ் ஹோர்ன் அடித்தது. கம்பியை வாங்கிக்கொண்டு ஓடினார்.

இப்போதெல்லாம் யார் கம்பி கேட்டாலும், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்க வாய் துறுதுறுக்கிறது.