ஊசி போடாத பதினொரு நாட்கள்

ஒன்பது வயதில் என் மகள் ஷாலினி மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். சோம்பேறித்தனம் என்று திட்டினேன். இரண்டே வாரத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டாள். வேலூரில் ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள்: முதல் வகைச் சர்க்கரை நோய் (கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுவது). தினம் நான்கு ஊசி, ஆயுள் முழுக்க.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால், நான் செய்ததைக் கேளுங்கள். என்னைத் திட்டிக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஒட்டும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கப் பசையும், அதைக் கரைக்கும் தின்னரும்தான். கூட வேலை செய்யும் ஒருத்தி, பள்ளிகொண்டா பக்கம் நாட்டு மருந்துப் பொடி கொடுக்கும் ஒருவரிடம் எங்களை அழைத்துப்போனாள். அவர் அரை மணி நேரம் என் பேச்சைக் கேட்டார். சர்க்கரை சோதிக்க ஷாலினியின் விரல்களில் குத்திய தழும்புகளைத் தடவிப் பார்த்தார்.

“இன்னாத்துக்கும்மா பச்சப் புள்ளையப் போட்டுக் குத்துற? நாப்பத்தெட்டு நாள் பொடி குடு. ஊசிய மறந்துடு.”

‘மறந்துடு’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் காலில் விழுந்திருப்பேன். டாக்டர்கள் யாரும் அதை எனக்குத் தரவில்லை.

பொடி கொடுத்த வாரமே சர்க்கரை இறங்கியது. ஊசியைக் குறைத்தேன், பிறகு அடியோடு நிறுத்தினேன். விரலில் குத்திச் சோதிப்பதையும் விட்டேன். ஊசி ஆரம்பித்ததும் கணையம் சில மாதம் கொஞ்சம் தேறும், பிறகு அடங்கிவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். என் காதில் ஏறவில்லை. நல்ல பெயரைப் பொடி தட்டிக்கொண்டு போனது.

நிறுத்திய பத்தாம் நாள் மாலை, வேலையிலிருந்து வந்து அவளை அணைத்தேன். தின்னர் வாடை அடித்தது. என் கைதான், என் துணிதான் என்று நினைத்தேன். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தும் போகவில்லை. பாழாய்ப்போன கம்பெனி என்று அதைத் திட்டினேன். மறுநாள் காலை வாந்தி எடுத்தாள். மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸில் வேலூருக்கு ஓடினோம்.

“நேத்தே தின்னர் வாடை அடிச்சுது சார். என் கைன்னு நெனச்சேன்.”

“அது உங்க கை இல்லம்மா, பாப்பாவோட மூச்சு,” என்றார் டாக்டர். கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் கொழுப்பு எரிந்து இரத்தம் அமிலமாவது; மூச்சிலும் தின்னர் போன்ற வாடை வரும்).

“பொழைச்சிடுவாளா சார்?”

“இன்னைக்கு எதுவும் சொல்ல முடியாது.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பொடிக்காரருக்கு போன் செய்தேன். “பத்தியம் தப்பியிருக்கும்,” என்று வைத்துவிட்டார். கோபம் வந்தது. அதைவிட அவமானமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஷாலினி பேசினாள். “ஏன்டி, உடம்பு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லல?” என்று அழுதேன்.

“ரொம்ப தாகமாத்தான் இருந்துச்சும்மா. நீ சிரிச்சிக்கினு இருந்த. அதான் சொல்லல.”

இப்போது என் நாள் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் “வலிக்குதாடி?” என்று கேட்கிறேன்.

“வலிக்குது,” என்கிறாள். சொல்கிறாளே என்ற நிம்மதியில்தான் ஊசியைப் போடுகிறேன்.